சில்லறைக் குழி

பலகையின் நடுவில் குழி தோண்டுவது உளியால் ஆகிற காரியம் இல்லை என்பது, மூன்றாவது பலகையும் இரண்டாகப் பிளந்த பிறகுதான் லியாக்கத் அலிக்கு விளங்கியது.

"அடுப்புக்கா வெட்டுறீங்க?" என்று பின்வாசலில் நின்று கேட்டாள் அவர் மனைவி ஜெய்னம்பு.

"கல்லா மேசை செய்யுறேன்."

"மேசை செய்யுறவங்க பலகைய ஒட்டுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க பிளந்துக்கிட்டே இருக்கீங்க. தச்ச நெஞ்சும் சேர்ந்து பிளந்துரப் போவுது, உள்ள வாங்க."

அவர் உள்ளே போகவில்லை. உள்ளே போனால் சோபா இருக்கிறது. சோபாவில் உட்கார்ந்தால் எதிரே தொலைக்காட்சி இருக்கிறது. இரண்டையும் அவர் மனதார வெறுத்தார்.

கெலாங் பாத்தாவில் சொந்த உணவகத்தின் கல்லாவில் ஆயுளில் பாதியை உட்கார்ந்தே கழித்தவர் லியாக்கத் அலி. விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற மோட்டார் சைக்கிள் கூட்டம் அவர் கடையில் பசியாறிவிட்டுத்தான் போகும். யாருக்குச் சீனி குறைவு, யார் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் மீதிச் சில்லறை கொடுக்கிற நேரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரின் நெஞ்சு ஒருநாள் கல்லாவிலேயே மக்கர் செய்தது. ஜொகூர் பாருவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து, அடைப்பை நீக்கித் தைத்தார்கள். செலவு எவ்வளவு என்று அவர் கேட்டபோது, "இன்சூரன்ஸ் இருக்கு அத்தா, நீங்க பேசாம படுங்க" என்று மகன் ஆசிம் வாயை அடைத்துவிட்டான். அதிர்ச்சி எதுவும் கூடாது, ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். அவரையும் ஜெய்னம்புவையும் மூவாரில் இருக்கும் மகள் ஃபரீஹா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். விட்டது விட்டதுதான்.

உடம்பு தேறியது. நடந்தார், படி ஏறினார், பிரியாணியைப் பற்றிக் கனவு கண்டார். ஆனால் கடைக்கு வருகிறேன் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஆசிம் ஏதாவது ஒரு சாக்கு வைத்திருந்தான். கடைசியில் ஒருநாள் வீடியோ அழைப்பில் அவர் ஒரே பிடியாகப் பிடித்தார்.

"அடுத்த வாரம் வாரேன். கல்லாவுல சும்மா உக்காந்து காசு மட்டும் வாங்குறேன். அதுல என்னடா அதிர்ச்சி?"

ஆசிமுக்குப் பின்னால் அடுப்படிச் சுவர் தெரிந்தது. பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "வந்து எங்க உக்காருவீங்கத்தா? கல்லா மேசையக் கரையான் தின்னுருச்சு."

"கரையானா? அது செங்கால் மரம்டா! ஆணியே எறங்காது!"

"இது வேற மாதிரிக் கரையான் போலத்தா. மேசைய எடுத்துட்டேன். புதுசு ஒண்ணு பாப்போம், அப்புறமா வாங்க."

"நீ பாக்க வேணாம். நானே செய்யுறேன்."

பின்னால் யாரோ அவனைக் கூப்பிட, "இருங்கத்தா, ஆள் கூப்புடுறாங்க" என்று வைத்துவிட்டான்.

மகனுக்குக் கல்லா ருசி பிடித்துவிட்டது என்றுதான் லியாக்கத் அலி முடிவு கட்டினார். அவரே தன் தகப்பனாரைக் கல்லாவிலிருந்து எழுப்புவதற்குப் பட்ட பாடு அவருக்கு மறக்கவில்லை. ஆனால் தன்னை எழுப்புவார்கள் என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் இன்னொரு தடவை உட்காராமலேயே மௌத்தாகிவிடுவோமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. சாவைக்கூட அவர் ஏற்றுக்கொள்வார். சோபாவில் சாவதைத்தான் அவரால் தாங்க முடியாது.

மருமகன் ஜக்கரியா ஒரு தளவாடத் தொழிற்சாலையில் கணக்கு வழக்கு பார்ப்பவன். மூவாரில் நாற்காலி மேசைத் தொழிற்சாலைக்கா பஞ்சம்? அவன் அங்கே கழித்துப் போட்ட ரப்பர் மரப் பலகைகளைக் கொண்டுவந்து பின்கட்டில் அடுக்கினான். பலகை வந்தது, ஆணி வந்தது, பசை வந்தது. சிக்கல் சில்லறைக் குழியில் வந்தது.

கல்லா மேசை என்றால் அதன் நெற்றியில் வரிசையாகச் சில்லறைக் குழிகள் இருக்க வேண்டும். கிண்ணம் போலக் குடைந்து, வழவழவென்று இழைத்து, விரலால் ஒரு வழி வழித்தால் காசு தானாகக் கையில் ஏற வேண்டும். குழி இல்லாத மேசை அவர் பார்வையில் பள்ளிக்கூட மேசை.

"நடுவுல குடையணும்னா பிளஞ்ச் ரௌட்டர் வேணும் மாமா," என்றான் ஜக்கரியா. "மேலருந்து அழுத்துனா, அடியில இருக்குற வெட்டுமுனை, பிட்டுன்னு சொல்லுவாங்க, சுத்திக்கிட்டே மரத்துக்குள்ள எறங்கும். விட்டா மேல வந்துரும். ரெண்டு கையாலயும் புடிச்சி நகத்தணும்."

"வெல?"

"எல்லா வெலையிலயும் இருக்கு."

இது லியாக்கத் அலிக்கு மிகவும் பிடித்த பதில். எல்லா விலையிலும் இருக்கிற பொருளில்தான் பேரம் பேச இடம் உண்டு.

சீனரான ஆ செங்கின், ஆணியும் கருவியும் விற்கும் வன்பொருள் கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. ஆ செங் மூன்று ரௌட்டர்களை மேசைமேல் வைத்தார். ஒன்று ஜப்பான் சரக்கு. அதன் விலையைக் கேட்டதும் லியாக்கத் அலி தைத்த நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டாவது நடுத்தரம். மூன்றாவது, பெயரே கேள்விப்படாத சரக்கு. பெட்டியில் சிரித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் படம்.

"வீட்டு வேலைக்கு நடுவுல உள்ளது போதும் பாய்," என்றார் ஆ செங் மலாயில். "மெல்லச் சுத்த ஆரம்பிக்கும், கைய உதறாது. ஆழத்த இந்தப் பிடியில பூட்டுனா பூட்டுன எடத்துல நிக்கும். அழுத்திப் பாருங்க."

லியாக்கத் அலி அழுத்திப் பார்க்கவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி எடை பார்த்தார். ஆட்டிறைச்சியையும் கோழியையும் அப்படித்தான் அவர் வாங்கிப் பழக்கம். கையில் கனத்தால் சரக்கு உள்ளே இருக்கிறது, இல்லையென்றால் தண்ணீர். மூன்றாவதுதான் நன்றாகக் கனத்தது. விலையும் அதுதான் குறைவு.

"இது ஏன் இவ்வளவு கனம்?"

"அதுதான் எனக்கும் தெரியல," என்றார் ஆ செங்.

உடனே வாங்கியிருப்பார். ஆனால் கூட வந்திருந்த ஜக்கரியா, "எதுக்கும் ஆசிம்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க மாமா" என்று ஏனோ அவசரமாகத் தடுத்தான். படம் எடுத்து ஆசிமுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை.

பரோட்டா மாவுக்கும் மரத்தூளுக்கும் வித்தியாசம் தெரியாத ஆசிம் திடீரென்று ரௌட்டர் நிபுணன் ஆகிவிட்டான். முதல் படத்துக்கு, "ஆழப் பூட்டு சரியில்லத்தா, நெட்ல போட்டிருக்கான்" என்றான். அடுத்த கடையில் எடுத்த படத்துக்கு, "இதுக்கு உதிரி கெடைக்காதாம்" என்றான். பிறகு, "பிட் புடிக்கிற வாயி சின்னது." அதற்கும் பிறகு, "வயரு குட்டை." ஒவ்வொரு பதிலின் முடிவிலும் ஒரே பல்லவிதான்: "அவசரமே இல்லத்தா. நல்லாப் பாத்து நிதானமா வாங்குங்க."

"ஒன் மகனுக்கு நா திரும்பி வரக்கூடாது," என்றார் லியாக்கத் அலி மனைவியிடம். "வயரு குட்டையாம். கயித்துலயா நா தொங்கப் போறேன்?"

ஜெய்னம்பு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வெங்காயம்" என்றாள். கையில் வெங்காயம் இல்லை. அவர் இருந்த கோபத்தில் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் ஆ செங்கின் கடைக்குப் போய், சிரிக்கிற வெள்ளைக்காரரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பேரம் பேசியதில் ஒரு பிட் பெட்டியும் இலவசமாகக் கிடைத்தது. கொடுக்கும்போது ஆ செங்கின் முகத்தில் ஒரு விடைபெறும் களை இருந்தது.

பின்கட்டில் மின்சாரம் இல்லை. அதனால் ஃபரீஹாவின் சாப்பாட்டு மேசைமேல் பலகையை வைத்தார். வீட்டில் ஆள் இல்லாத நேரம். பொத்தானை அழுத்தினார். ரௌட்டர் மெல்ல ஆரம்பிக்கும் வழக்கம் எதுவும் இல்லாமல், அறுக்கப் போகிற கிடாய் மாதிரி ஒரு திமிறு திமிறியது. அவர் விடவில்லை. இரண்டு கையாலும் அழுத்தி இறக்கி, வட்டமாகக் கிண்ட ஆரம்பித்தார். ஆழப் பூட்டு முதல் சுற்றில் நின்றது. இரண்டாம் சுற்றில் கொஞ்சம் நழுவியது. மூன்றாம் சுற்றிலிருந்து அது யாருடைய பேச்சையும் கேட்கவில்லை.

நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தபோது குழி அழகான வட்டமாக இருந்தது. அதன் வழியாகத் தரையின் ஓடு தெரிந்தது. பலகைக்கும் தரைக்கும் நடுவில் மகளின் சாப்பாட்டு மேசை என்று ஒன்று இருந்ததை அப்போதுதான் அவர் நினைவுக்குக் கொண்டுவந்தார்.

தூளைக் கூட்டினார். ஓட்டையைப் பழைய காலண்டர் அட்டையால் மூடினார். அதன்மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இழுத்து விட்டார். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. அன்று மாலை ஜக்கரியாவின் தொழிற்சாலை மேலாளர் வீட்டுக்கு வந்தார். மரச்சாமானைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லக்கூடிய மனிதர் அவர். அவர் பேசிக்கொண்டே சூடான தேத்தண்ணிக் குவளையை மேசைமேல் வைத்தார். குவளை மேசைக்குள் அமிழ்ந்தது. அட்டையும் விரிப்பும் அதோடு சேர்ந்து இறங்க, குவளை சாய்ந்து மேலாளரின் மடியில் விழுந்தது.

"அலமாக்!" என்று மலாயில் அலறிக்கொண்டு அவர் துள்ளி எழுந்தார்.

வந்தவரை வழியனுப்பிவிட்டு ஃபரீஹா விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். "அத்தா! மேசைல இவ்வளவு பெரிய ஓட்ட எப்புடி வந்துச்சு?"

லியாக்கத் அலி முகத்தை மாற்றாமல் சொன்னார்: "கரையானாத்தான் இருக்கும். ஒன் தம்பி கடையிலயும் இதே தொல்லதானாம்."

ஃபரீஹா வாயைத் திறந்தாள். அம்மாவைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தான் தப்பிவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் நீளமான மின்கம்பி ஒன்றை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கே குடிபோனார். தன் பலகையில் ஓட்டை விழுந்த பக்கத்தை அறுத்துத் தள்ளினார். கல்லா மேசையின் நீளம் ஒரு முழம் குறைந்தது. போகட்டும், இருப்பதை அழகாக்குவோம் என்று ஓரங்களை உருட்டிவிடப் போனார். இங்கேதான், கல்லாவில் உட்காருவதற்கு முன்பு தினமும் தாமே பிரியாணிச் சட்டி கிண்டிய கடைக்காரரின் புத்தி வேலை செய்தது. சட்டியைக் கிண்டுகிற கை எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கமே ரௌட்டரையும் பலகையைச் சுற்றிக்கொண்டு போனார். குழிக்குள் அந்தச் சுற்று சரி. வெளி ஓரத்தில் அது நேர் எதிர். பிட் மரத்தைக் கடிப்பதற்குப் பதிலாக மரத்தின்மேல் ஏறி ஓடியது. அவரையும் இழுத்துக்கொண்டு ஓரம் முழுக்க ஓடி, கோழிக்கூண்டில் முட்டி நின்றது.

"ஓரத்துக்கு எதிர்ப்பக்கமா போவணும் மாமா," என்றான் ஜக்கரியா மாலையில் வந்து, கடித்துக் குதறின ஓரத்தைத் தடவிப் பார்த்து. "எடப்பக்கத்துலருந்து வலப்பக்கத்துக்கு."

"முப்பது வருஷமா இந்தக் கை ஒரு பக்கந்தான்டா கிண்டுது. இப்பப் போயி அதுக்குப் புதுசா சொல்லிக் குடுக்க முடியுமா?"

குதறின ஓரத்தை அறுத்தார். அடுத்த ஓரம் சமமாக வரவில்லை என்று அதையும் அறுத்தார். பலகை குறுகியதால் காசு இழுப்பறை உள்ளே போகவில்லை. இழுப்பறையை வெட்டினார். அகலம் இல்லாமல் உயரம் மட்டும் நின்றதால் மேசை தள்ளாடியது. கால்களைக் குறைத்தார். ஒரு கால் அளவுக்கு மேல் குறைந்துவிட்டது. மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக்கினார். பிறகு அந்த மூன்றும் அளவுக்கு மேல் குறைந்துவிட்டன. பக்கத்து வீட்டு ஹாஜியார் சத்தம் தாங்காமல் தம் பேத்தியின் பரீட்சை முடியும்வரை வேலையை நிறுத்தச் சொன்னார். கோழி முட்டையிடுவதை நிறுத்தியது. துவைத்துக் காயப்போட்ட துணி, சம்பால், ஜெய்னம்புவின் தொழுகை விரிப்பு எல்லாவற்றிலும் மரத்தூள் படிந்தது. கடைசியில் சிரிக்கிற வெள்ளைக்காரரும் ஒருநாள் புகை கக்கி அடங்கினார்.

அன்று லியாக்கத் அலி குட்டையான மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இயந்திரம் போனதற்காக இல்லை. இத்தனை அறுத்தும் ஒரு குழிகூட விழவில்லை. இனி தன்னால் எதுவும் ஆகாது, ஆசிம் நினைப்பது சரிதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஜெய்னம்பு பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"போதுங்க. இங்கயே இருந்துருவோம். கடைய மறந்துருங்க."

"எப்புடி மறக்கச் சொல்ற? அது என் கடை."

அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகனிடம் அவள்தான் தொலைபேசியில் பேசியிருக்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை நல்ல மழை. நனைந்துகொண்டே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் ஆசிம். மார்போடு ஒரு பெட்டியை அணைத்திருந்தான். பெட்டி மட்டும் நனையவில்லை.

"காடி எங்கடா? கார்ல வராம ஏன் நனையுற?"

"வொர்க்‌ஷாப்புல இருக்குத்தா."

"கடைய யாரு பாக்குறா?"

"ஆள் இருக்குத்தா." பெட்டியைப் பிரித்தான். ஆ செங் காட்டிய அதே நடுத்தர ரௌட்டர். "மெல்ல ஆரம்பிக்கும். பூட்டு நழுவாது. வெலைக்கு இதுதான் நல்லதுன்னு நாலு பேர்ட்ட கேட்டுட்டேன். மொதல்லயே வாங்கியிருப்பேன். சம்பளம் போடுற வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு."

வேலையாட்களுக்குச் சம்பளம் போட்டுவிட்டுத்தான் முதலாளி தன் செலவைப் பார்க்க வேண்டும் என்பது லியாக்கத் அலியே அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அந்த வகையில் அவருக்குத் திருப்திதான். ஆனால் பையன் இளைத்திருந்தான். விரல் நுனிகள் வெளுத்து ஊறிப்போயிருந்தன. மழையில் அவ்வளவு தூரம் வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"நா வரக்கூடாதுன்னு நெனைக்கிறியாடா?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

ஆசிம் ரௌட்டரின் இரண்டு பிடிகளையும் பிடித்து அழுத்தினான். அது வழுக்கிக்கொண்டு இறங்கி, விட்டதும் மேலே வந்தது. அதையே கொஞ்ச நேரம் செய்துகொண்டிருந்தான். "நீங்க நல்லா இருந்தா போதும்த்தா," என்றான். "மேச முடிஞ்சதும் சொல்லுங்க. லோரி அனுப்புறேன். நா லோரி அனுப்புறவரைக்கும் வராதீங்க."

சோறு தின்றுவிட்டு, மழை விடுவதற்குள்ளேயே கிளம்பிப் போய்விட்டான்.

புது ரௌட்டர் சொன்னபடி கேட்டது. ஆழத்தைப் பூட்டினால் பூட்டின இடத்தில் நின்றது. பிரியாணிக் கையால் வட்டமாக ஒரு கிண்டு கிண்டினார். உருண்டையான பிட் மரத்தைச் சீவிக்கொண்டே போக, கிண்ணம் போல ஒரு குழி விழுந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஒரு காசைப் போட்டு விரலால் வழித்தார். காசு கையில் ஏறியது. அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஜெய்னம்பு பதறிப்போய் மாத்திரையோடு ஓடிவந்தாள்.

இன்னும் குழிகள் விழுந்தன. மேசையில் அதற்குமேல் இடம் இல்லை. இடுப்பு உயரத்துக்கு ஆரம்பித்த கல்லா இப்போது முழங்காலுக்குக் கீழே நின்றது. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மேசை கால்களுக்கு நடுவில் காணாமல் போனது. அதனால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடிக்கு முன்னால் இழுத்து வைத்துப் பார்த்தார்.

"எப்புடி இருக்கு?"

ஜெய்னம்பு அழுகையை மறந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "கிளி ஒண்ணுதான் கொற. சீட்டு எடுக்கச் சொல்லிரலாம்."

அவர் பொருட்படுத்தவில்லை. கல்லா கல்லாதான். உயரம் போதாவிட்டால் கீழே நாலு செங்கல் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் அவருக்கு உறைத்தது. இந்த மேசைக்கு லோரி எதற்கு? இதை அவரே தூக்கிக்கொள்ள முடியும்.

மறுநாள் ஃபரீஹாவும் ஜக்கரியாவும் வேலைக்குப் போன பிறகு, ஜெய்னம்பு பக்கத்து வீட்டுக் குர்ஆன் கத்தம் ஓதலுக்குப் போன சமயம் பார்த்து, மேசையைக் கைலித் துணியில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மூவார் பேருந்து நிலையத்தில் ஜொகூர் பாரு பஸ் பிடித்தார். மேசையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு உள்ளங்கையை நீட்டினார்.

"நேரம் எப்புடி இருக்குங்க எனக்கு?"

"நான் ஜோசியம் பாக்குறவன் இல்ல. கடை மொதலாளி."

"சரிங்க. வீட்டு விஷயம் மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"எல்லாம் நல்லா நடக்கும்," என்றார் லியாக்கத் அலி எரிச்சலோடு. அந்த ஆள் மனம் குளிர்ந்து மேசையின் குழியில் ஒரு காசைப் போட்டார். முதல் போணி ஆகிவிட்டது என்று அவர் அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

ஜொகூர் பாருவில் வாடகைக் காடி பிடித்து, கெலாங் பாத்தாவில் இறங்கும்போது மதியக் கூட்டம் கலைந்திருந்தது. "ஜெய்னம்பு உணவகம்" என்ற பலகை அவர் மாட்டிய இடத்திலேயே மாட்டினபடி இருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கியது. மறுபடியும் கைலியில் கட்டிய மேசையைத் தோளில் சரிசெய்துகொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முதலாளி நடை நடந்து உள்ளே நுழைந்தார்.

நுழைந்தவர் வாசலிலேயே நின்றார். கல்லா இருந்தது. அவர் கல்லா இல்லை. பளபளவென்று கருங்கல் மேல்தளம் போட்ட பெரிய கல்லா. அதன்மேல் கணினி. அதற்குப் பின்னால் சுழல் நாற்காலியில், தங்கச் சங்கிலி போட்ட முன்பின் தெரியாத ஓர் ஆள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லியாக்கத் அலிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கரையானும் இல்லை, ஒன்றும் இல்லை. மகன் புதுக் கல்லா வாங்கியிருக்கிறான். காசு வாங்கச் சம்பளத்துக்கு ஆளும் வைத்திருக்கிறான். பெற்றவனுக்கு மட்டும் உட்கார இடம் இல்லை. இதற்காகத்தான் நிதானமாகப் பார்த்து வாங்கச் சொன்னது, இதற்காகத்தான் வயரு குட்டை, இதற்காகத்தான் லோரி வரும்வரை வராதே என்றது. பேருந்தில் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வந்த மேசை தோளில் திடீரென்று கனத்தது.

இன்றைக்கு நாலு பேர் முன்னால் அவனை நிற்க வைத்துக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். வாசலோரம் தேத்தண்ணியை உயர்த்தி ஆற்றிக்கொண்டிருந்த நடுவயது ஆளிடம் போனார். அந்த முகமும் புதிது.

"ஆசிம் எங்க?" என்று அதட்டினார்.

"எந்த ஆசிம்?"

"எந்த ஆசிமா? ஒன் மொதலாளி ஆசிம்! கூப்புடு அவன!"

அந்த ஆள் குவளையைக் கீழே வைத்துவிட்டு, தோளில் தொங்கிய கைலி மூட்டையையும் அவரையும் மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

"மொதலாளி அந்தா கல்லாவுல இருக்காரு பாய். ஆசிம் பின்னால மங்கு, தட்டு கழுவுறான். அவங்க அத்தா நெஞ்சு ஆபரேஷனுக்குக் கடைய வித்துட்டு, வித்த கடையிலயே கூலிக்கு நிக்கிறான், பாவம். நீங்க அவனுக்கு என்ன வேணும்?"